ரை மூடாக்கும் களைக்கொல்லியும்: சோயா வயலில் எதிர்ப்புத்திறனைத் தள்ளிப்போடும் கூட்டு

கிளைஃபோசேட் என்னும் களைக்கொல்லியைத் தாங்கும் சோயா அமெரிக்காவில் 1996-இல் விற்பனைக்கு வந்தது. பயிர் தப்பும், களை மடியும். உழவும் தேவையில்லை என்ற எளிமை சில ஆண்டுகளிலேயே மத்திய மேற்கு மாநிலங்களை ஆட்கொண்டது. பரந்த நிலப்பரப்பில் ஆண்டுதோறும் ஒரே மருந்து தெளிக்கப்பட்டதால், அதைத் தாங்கும் செடிகளே தேர்ந்து பெருகின. 2005 வாக்கில் ஜார்ஜியாவில் பால்மர் அமரந்தும் மிசூரியில் வாட்டர்ஹெம்ப்பும் அம்மருந்துக்கு மடியாமல் நின்றன. இரண்டும் நம் தண்டுக்கீரையின் பேரினத்தைச் சேர்ந்தவை. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. காற்றில் பறக்கும் மகரந்தம் எதிர்ப்புத்திறனையும் அண்டை வயலுக்குச் சுமந்து செல்கிறது. போட்டியின்றி வளரும் ஒரு பெண் செடி பல லட்சம் விதைகளை உதிர்க்கக்கூடும். ஜார்ஜியாவில் எடுத்த பால்மர் செடிகள் சிலவற்றில், கிளைஃபோசேட் தாக்கும் நொதிக்கான மரபணு நூற்றுக்கும் மேற்பட்ட நகல்களாகப் பெருகியிருந்தது.

அடுத்த மருந்தைத் தேடுவதே விடை என்று தொழில்துறை நம்பியது. டிகாம்பாவைத் தாங்கும் சோயா வந்தது. அம்மருந்து காற்றில் பரவிப் பக்கத்து வயல்களைக் கருக்கியது. 2020-இலும் 2024-இலும் நீதிமன்றங்கள், வளர்ந்து நிற்கும் பயிரின் மேல் அதைத் தெளிப்பதற்கான பதிவை நீக்கின. டென்னசியில் பால்மர் அதற்கும் தாக்குப்பிடிக்கத் தொடங்கிவிட்டது.

குளிர்காலத் தானியமான ரை போன்ற, இரு பயிர்களுக்கு இடையே மண்ணை மூட வளர்க்கும் மூடுபயிரின் மதிப்பை இந்தப் பின்னணியில்தான் எடைபோட வேண்டும். அதைக் களைக்கொல்லிக்கு மாற்றாகப் பார்ப்பது பிழை. மருந்தை எதிர்கொள்ளும் களைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே அதன் தலையாய பணி. கோடி நாற்றுகளில் ஒன்று மருந்தைத் தாங்கும் என்று கொள்வோம். பத்துக் கோடி நாற்றுகள் முளைக்கும் பண்ணையில் பத்துச் செடி தப்பும். ஒரு கோடியே முளைத்தால் ஒன்றுதான் தப்பும். தப்பிய அந்த ஒன்றைக் கையால் பிடுங்கிவிடலாம்.

மக்காச்சோள அறுவடைக்குப் பின் விதைத்த ரை, வசந்தத்தில் உயர்ந்து, மடிந்து மூடாக்காகிறது. அமரந்த் விதை மிகச் சிறியது. ஒளியும், பகலிரவு வெப்ப வேறுபாடும் அதன் முளைப்பைத் தூண்டுகின்றன. மூடாக்கு இரண்டையும் குறைக்கிறது. முளைத்ததும் வைக்கோலைத் துளைத்து மேலேற அந்த விதையிடம் சேமிப்பு இல்லை. கரிமம் மிகுந்த ரை தாள் மண்ணின் தழைச்சத்தைச் சிறிது காலம் கட்டிப்போடுகிறது. தானே தழைச்சத்தை நிலைநிறுத்தும் சோயாவுக்கு அதனால் பெரிய கேடில்லை, களைக்குத்தான் பட்டினி. மக்காச்சோளத்துக்கு முன் ரை விதைக்கத் தயங்குவோர் சோயாவுக்கு முன் விதைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவை எல்லாம் தாளின் எடையைப் பொறுத்தவை. ஹெக்டேருக்கு 5 டன் உலர் எடையை எட்டினால்தான் அடக்குதல் கணிசமாகிறது. விதைப்புக்கு இரண்டு வாரம் முன்பே பயிரை மடிக்கும் வழக்கம் இந்த எடையைப் பெரிதும் இழக்கச் செய்கிறது. மே மாதத்தில் ரை வேகமாக எடை கூடும் நாட்கள் அவைதான். ஆகவே, நிற்கும் பச்சை ரைக்குள்ளேயே சோயாவை விதைத்து, அதையொட்டி ரையை மடிப்பதே என் பரிந்துரை. வறண்ட வசந்தத்தில் ரை மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்ற அச்சம் நியாயமானது. மழை குறைந்த ஆண்டில் எடையை விட்டுக்கொடுத்தாவது பயிரை முன்னதாக மடிக்க வேண்டும்.

சிக்கலான கேள்வி, மண்ணில் தங்கி முளைப்பைத் தடுக்கும் களைக்கொல்லியை எப்போது இடுவது என்பது. அடர்ந்த ரையின் மேல் தெளித்தால் மருந்தின் ஒரு பகுதி தாளிலேயே தங்கிவிடும். மழை பெய்தால்தான் மண்ணைச் சேரும். வாட்டர்ஹெம்ப்போ மே முதல் ஆகஸ்ட் வரை அலை அலையாக முளைப்பது. முதல் சில வாரங்களை ரை காக்கும். தாள் மட்கி மூடாக்கு மெலியும்போதுதான் காவல் தேவை. எனவே மூடாக்கு உண்மையிலேயே கனமாக இருக்கும் வயலில், பைராக்சசல்ஃபோன் போன்ற மருந்தை விதைப்பு நாளில் முழுவதும் இடாமல், களை முளைத்தபின் செய்யும் முதல் தெளிப்போடு சேர்ப்பது பொருந்தும். ரை மெலிந்திருந்தால் இந்த வாதம் செல்லாது. அங்கே விதைப்பு நாள் மருந்தைக் கைவிடுவது ஆபத்து.

தெளித்த சில வாரங்களில் களை எத்தனை விழுக்காடு கட்டுப்பட்டது என்பதை மட்டும் பதியும் கள ஆய்வு இந்தக் கூட்டின் பயனைக் காட்டாது. நூறு செடியில் 95 மடிந்தாலும், ஆயிரத்தில் 950 மடிந்தாலும் விழுக்காடு ஒன்றே. முன்னதில் எஞ்சுவது ஐந்து, பின்னதில் ஐம்பது. தெளிப்புக்கு முன் சதுர மீட்டருக்கு எத்தனை களைச் செடிகள் நின்றன, அவற்றின் உயரம் என்ன, அறுவடையின்போது எவ்வளவு விதை மண்ணுக்குத் திரும்பியது என்பவற்றையும் ஆய்வுகள் அளக்க வேண்டும்.