தீவுக்குள் வைத்த வேட்டு

பர்கூர்ப் பக்கம் கல் குவாரி ஓரம் குடியிருப்பவர்களுக்கு வேட்டு வைப்பது பழகிய சங்கதி. விசில் ஊதும். ஆடு மேய்ப்பவர்கள் ஒதுங்குவார்கள். காலுக்குக் கீழே ஒரு உதறல். அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். சத்தம் அதற்குப் பிறகுதான் காதுக்கு வரும். காற்றைவிடப் பாறைக்குள் அதிர்வு பல மடங்கு வேகமாக ஓடும்.

அந்தப் பாறையை நம்பித்தான், ஓசூரிலிருந்து பெங்களூரைத் தாண்டி வடக்கே போனால் வரும் கௌரிபிதனூரில், 1965-ல் நம் அணுசக்தித் துறை பிரிட்டனோடு சேர்ந்து ஒரு நிலையம் அமைத்தது. தமிழ் 'ட' எழுத்தின் வடிவில் 20 நில அதிர்வு மானிகள். 1963-ல் போட்ட சர்வதேச ஒப்பந்தம் வானிலும் நீரிலும் அணுகுண்டு வெடிப்பதைத் தடுத்தது. மண்ணுக்குள் வெடிப்பதை விட்டுவிட்டது. வல்லரசுகள் குழி தோண்டின. தோண்டியவனைக் கண்டுபிடிக்கக் காது வேண்டியிருந்தது.

அதே 1965 அக்டோபரில், அலாஸ்காவின் அம்சிட்கா தீவில் அமெரிக்கா 80 கிலோடன் குண்டை வெடித்தது. பூகம்பத்தையும் குண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொள்வதற்காம்! 1913 முதல் வனவிலங்குப் புகலிடமாக இருந்த தீவு அது. கதிரியக்கம் வெளியே வராது என்றார்கள். மேலே இருந்த குட்டைகளில் டிரிட்டியம் வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகும் நிற்கவில்லை. 1969-ல் ஒரு மெகாடன். 1971-ல் 'கானிக்கின்': கிட்டத்தட்ட 5 மெகாடன், ஹிரோஷிமாவைப் போல 300 மடங்குக்கும் மேல், 1,790 மீட்டர் ஆழத்தில். தடை கேட்டவர்களின் மனுவை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் தள்ளியது. சில மணி நேரத்தில், நவம்பர் 6 அன்று வெடித்தது. ஆபத்தில்லை என்று காட்ட, அணுசக்தி ஆணையத் தலைவர் ஷ்லெசிங்கர் மனைவி, மகள்களையும் தீவுக்கே அழைத்து வந்திருந்தார். நம்மூர் அமைச்சர்கள் கலங்கல் தண்ணீரைக் குடித்துக் காட்டுவார்களே, அந்த ரகம்.

நிலம் சுமார் 6 மீட்டர் எம்பி விழுந்தது. கடலோரப் பாறைகள் சரிந்தன. கரையில் நின்ற பறவைகளின் கால்கள் உடம்புக்குள் ஏறியிருந்தன, முதுகெலும்பு முறிந்திருந்தது. மீன்களின் காற்றுப்பை கிழிந்தது. செத்த கடல் நீர்நாய்களில் கொஞ்சம்தான் கையில் கிடைத்தன. புயல் மற்றவற்றை அடித்துப் போனது. நூற்றுக்கணக்கில் செத்திருக்கும் என்பது உயிரியலாளர்களின் கணக்கு. மறுநாளுக்கு மறுநாள் குழிக்கு மேலிருந்த தரை உள்வாங்கியது. ஓடை அதில் தேங்கி ஏரியானது.

மண்ணுக்குள் வெடித்தால் மறைந்துவிடும் என்ற கணக்கே தப்பு. மூன்று குழிகளின் கதிரியக்கக் கழிவையும் யாரும் வெளியே எடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது. அதில் உள்ள புளூட்டோனியம் பாதியாகக் குறையவே 24,000 ஆண்டுகள் ஆகும்.

அடுத்த வாரம் ராஜஸ்தான் போவோம்: 1974 மே 18, பொக்ரான்.