லப்பக்கில் உடைந்த அணை

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் 'பிக் 12' லீக் என்றாலே புள்ளி மழைதான். அங்கே படுமோசமான தடுப்பாட்டம் எந்த அணியுடையது என்ற வாதம் ஓய்ந்தபாடில்லை.

2012-ல் வெஸ்ட் வர்ஜீனியா 70, பெய்லர் 63. 2014-ல் கேன்சஸ் அணியைப் பிளந்துகொண்டு ஓக்லஹோமாவின் சமாஜே பெரைன் ஒரே ஆட்டத்தில் 427 கெஜம் ஓடினார்.

ஆனால் 2016 அக்டோபர் 22 இரவுக்கு ஈடில்லை. டெக்சஸின் லப்பக் நகரில் ஓக்லஹோமா 66, டெக்சஸ் டெக் 59. இரு அணிகளும் ஆளுக்கு 854 கெஜம் முன்னேறின; மைதானத்தின் நீளமே 100 கெஜம்தான்! டெக் அணியின் பேட்ரிக் மஹோம்ஸ் 88 முறை பந்தை எறிந்தார், 734 கெஜம் எடுத்தார். எறிந்து எறிந்து கை ஓய்ந்திருக்கும். அப்படியும் தோல்வி. பாவம், அந்த இளைஞன் வேறென்ன செய்ய முடியும்?

அன்று இரண்டு தடுப்புகளுமே சரிந்தன என்பது உண்மை. ஆனால் ஓக்லஹோமா அந்த ஆண்டு லீக்கையே வென்றது. டெக்கோ அடுத்த மாதம், அந்தப் பருவத்தில் மூன்றே வெற்றி பெற்ற அயோவா ஸ்டேட்டிடம் 66-10 என்று உதை வாங்கியது. அந்த 2016 டெக் தடுப்பாட்டம்தான் கடைசி இடத்துக்கு உரியது.