துடுப்பில் வைத்த காது

பூரணை நிலவில கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில போகணும். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணிக்குள்ள விட்டு, மறுமுனையைக் காதோட ஒட்டி வைக்கணும். மீன் பாடுறது கேட்கும். மட்டக்களப்பில வளர்ந்த எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். ஆனா நாம மீனைப் பற்றித்தான் பேசுறம். துடுப்பைப் பற்றிப் பேசுறதில்லை.

நீருக்குள் எழும் ஒலியின் ஆற்றலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் காற்றுக்கு வருகிறது. மிச்சம் நீர்ப்பரப்பில் பட்டு உள்ளேயே திரும்பிவிடும். துடுப்பின் மரம் அந்த அதிர்வைத் தூக்கிவந்து நேரே நம் மண்டை எலும்புக்குக் கொடுக்கிறது. அந்த நேரத்தில நம்மட காது வாவிக்குள்ள நீண்டு போயிருக்கு.

1848இல் இங்கு வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் இதே ஒலியைக் கேட்டார். ஈரவிரலால் கண்ணாடிக் கோப்பையின் விளிம்பைத் தேய்த்தால் எழும் ஒலி போல இருந்ததாம். தோணிப் பலகையில் காதை வைத்தபோது இன்னும் பலமாகக் கேட்டதாகவும் எழுதிவைத்தார். நூறு வருஷத்துக்குப் பிறகு, புனித மிக்கேல் கல்லூரியின் லாங் அடிகளார் ஒலிவாங்கியை நீருக்குள் இறக்கி அதைப் பதிவு செய்தார். பாடுறது மீனா, ஊரியா என்ற வழக்கு மட்டும் இன்னும் முடியல்ல.

காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகளும் அந்தக் கல்லூரியில் படித்தவர்தான். வாவியின் ஒலியை நீரரமகளிரின் பாட்டாகக் கண்டவர். விஞ்ஞானப் பட்டதாரியான அவர், யாரும் கேட்டிராத பழந்தமிழ் யாழை நரம்புகளின் அளவையும் சுருதிக் கணக்கையும் வைத்து மீட்கப் பார்த்தார். 1947இல் 'யாழ் நூல்' அரங்கேறியது. வெறும் காதுக்கு எட்டாத இசைக்கு அவர் பிடித்த துடுப்பு, கணக்கு.

இப்போ அந்தத் துடுப்பு உடம்புக்குள்ளேயே போய்விட்டது. நிறம் தெரியாமல் பிறந்த நீல் ஹார்பிசன், 2004இல் தன் மண்டை எலும்பில் ஓர் அன்டெனாவைப் பொருத்திக்கொண்டார். நிறங்கள் எலும்பு வழியே அவருக்கு ஒலியாகக் கேட்கின்றன. மனித முகங்களின் நிறங்களைக் கொண்டே அவர் இசை அமைக்கிறார்.

அவர் விரும்பிச் செய்தார். விரும்பாமலே உடம்பு மாறினவங்க நம்மட ஊரில இருக்கிறாங்க. ஷெல் விழுந்து காது போனவங்க, பிறவியிலேயே கேளாத பிள்ளைகள். கொக்லியர் கருவி பொருத்தினால் சிலருக்குக் கேட்கும். ஆனா ஆயிரக்கணக்கான நுண்மயிர்க் கலங்கள் செய்யும் வேலையை அதில் இருபது சொச்சம் மின்முனைகள்தான் செய்யுது. அதனால் ராகம் குழம்பும். தாளம் நல்லாத் தெரியும்.

இது குறையா? நம்மட கூத்தை நினைச்சுப் பாருங்க. அண்ணாவியாரின் மத்தளம், ஆடுறவங்கட காலில் சதங்கை. தாளத்தில் நிற்கிற கலை அது. அந்தப் பிள்ளைக்கு மத்தளத்தில் எது முதலில் கேட்குது, எது கேட்கவே இல்லை என்று நாம கேட்டதுண்டா? அவள் ஒரு நாள் தாளம் கட்டினால், நமக்குத் தெரியாத ஒன்றைக் கட்டக்கூடும். "உனக்குச் சங்கீதம் சரிவராது" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினால் அது யாருக்கும் கேட்காமலே போகும்.

அடுத்த முறை களரியில் அவளை மத்தளத்துக்குப் பக்கத்தில இருத்துங்க. கையை அதில் வைக்க விடுங்க. வாவியை நாமளும் அப்படித்தானே கேட்டோம்.