ஏடு பார்த்து எழுதிய விண்கலம்

(நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் படிக்க.)

விண்பறப்புப் பாவனை விளையாட்டுகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பொறிகளின் வரலாற்றையே எழுதுகின்றனர்: எந்த ஆண்டில் எந்தக் கணினி, திரையில் எத்தனை புள்ளிகள், எத்தனை வண்ணங்கள். ஆர்வலர் ஒருவர் இவ்வுலகிற்குள் முதன்முதலில் எவ்வழியாக நுழைந்தார் என்ற வினா ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. மொழியியல் பயின்ற எனக்கோ அவ்வினாவே முதன்மையாகத் தோன்றுகிறது. ஏனெனில் அந்த நுழைவாயில் நெடுங்காலம் ஒரு பனுவலாகவே இருந்தது. பார்த்துப் படியெடுக்கப்பட்டு, படியெடுக்கையில் திரிந்து, திரிந்த வடிவிலேயே கைமாறிய பனுவல் அது. சுவடிப்பதிப்பைப் பற்றிச் சிறிதேனும் கற்றவர்க்கு இது புதிய செய்தியன்று.

1969-ஆம் ஆண்டின் இலையுதிர்காலம். ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் இறங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள லெக்சிங்டன் உயர்நிலைப் பள்ளியில் பிடிபி-8 என்னும் சிறுகணினி இருந்தது. அப்பள்ளி மாணவர் ஜிம் ஸ்டோரர், ஃபோகல் என்னும் நிரல்மொழியில் நிலவில் இறங்கும் விளையாட்டொன்றை எழுதினார். திரை கிடையாது. டெலிடைப் கருவி நொடிக்குப் பத்து எழுத்து என்ற வேகத்தில் தாளில் அச்சடித்துக்கொண்டே போகும். உயரம், வேகம், எஞ்சியிருக்கும் எரிபொருள் ஆகியவற்றைக் காட்டிவிட்டு நிற்கும். அடுத்த பத்து நொடிகளுக்கு நொடிக்கு எத்தனை பவுண்டு எரிபொருளை எரிப்பது என்று ஆடுபவர் ஓர் எண்ணைத் தட்டச்சிட வேண்டும். ஒன்று சுழியம், இல்லையேல் 8 முதல் 200 வரை ஏதேனும் ஓர் எண். ஆட்டம் முழுவதும் இவ்வளவே.

இதற்கு முன் விண்வெளி விளையாட்டே இல்லை என்பதன்று. 1962-இல் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பிடிபி-1 கணினியில் ‘ஸ்பேஸ்வார்’ ஆட்டத்தை உருவாக்கியிருந்தனர். அதன் நடுவிலிருந்த விண்மீனுக்கு ஈர்ப்பு உண்டு. கலங்கள் அதைச் சுற்றி வளைந்தோடும். ஆனால் கணினியின் திறன் போதாமையால் ஏவுகணைகளை மட்டும் அந்த ஈர்ப்பு தொடாது. மேலும் அக்கணினியின் விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் டாலர். அத்தகைய கணினி நிற்கும் அறைக்குள் செல்ல உரிமை பெற்றவரே அந்த ஆட்டத்தைக் கண்டடைய முடியும். ஸ்டோரரின் நிரல் வேறு வகையில் பரவியது. நம் கவனத்துக்குரியது அதுவே.

முதலில் அந்நிரலின் உள்ளடக்கம். தொடக்க உயரம் 120 மைல். நொடிக்கு ஒரு மைல் வேகத்தில் கலம் நேர்கீழாக விழுந்துகொண்டிருக்கிறது. உண்மையான அப்பல்லோ இறக்கம் இப்படி நிகழவில்லை. ஏறக்குறைய 15 கிலோமீட்டர் உயரத்தில், நிலவின் தரைக்கு இணையாகப் பறந்துகொண்டிருந்தபோதே அக்கலம் தன் இறுதி இறக்கத்தைத் தொடங்கியது. காட்சியமைப்பில் சலுகை காட்டிய மாணவர் இயற்பியலில் காட்டவில்லை. ஈர்ப்பு முடுக்கத்துக்கு அவர் இட்ட மதிப்பு 0.001, மைல் கணக்கிலுள்ள அதை மாற்றினால் ஏறத்தாழ 1.61 மீட்டர் வருகிறது. நிலவின் உண்மை மதிப்பு 1.62. வெளியேறும் வாயுவின் வேகத்துக்கு இட்டது 1.8 மைல், அதாவது 2.9 கிலோமீட்டர், உண்மைக் கலத்தின் இயந்திரத்துக்கு அது மிக அருகில் வருகிறது. எரிபொருள் தீரத் தீரக் கலம் இலகுவாகும். இலகுவாக ஆக, அதே உந்துவிசை கூடுதலாக வேகத்தைக் குறைக்கும். 1903-இல் சியோல்கோவ்ஸ்கி வெளியிட்ட ராக்கெட் சமன்பாட்டின் மடக்கைச் சார்பை ஐந்து உறுப்புகள் கொண்ட தொடராக விரித்து அந்தப் பள்ளி மாணவர் நிரலுக்குள் வைத்திருந்தார். பின்னாளில் அவர் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் கணினியியல் பேராசிரியரானார் என்பதும், தரவுச் சுருக்கத்தில் இன்றும் வழங்கும் 1982-ஆம் ஆண்டின் ஸ்டோரர்–சிமான்ஸ்கி முறை அவருடையது என்பதும் இங்கு இணைத்துப் பார்க்கத்தக்கன.

புதிதாக ஆடுபவர் என்ன செய்வார்? அஞ்சுவார். விழும் வேகத்தைக் கண்டதும் தொடக்கத்திலேயே எரிக்கத் தொடங்குவார். கலம் மெல்ல இறங்கும், மெல்ல இறங்கும் ஒவ்வொரு நொடிக்கும் ஈர்ப்பு தன் பங்கைக் கேட்கும், தரைக்குச் சில மைல்கள் இருக்கையில் எரிபொருள் தீரும், கலம் நொறுங்கும். மீண்டும் மீண்டும் நொறுக்கிய பின்னரே எதிர்மாறான ஓர் உண்மை புலப்படும்: கடைசி நேரம் வரை எரிக்காமல் விழவிட்டு, பின் முழு விசையையும் செலுத்துவதே சிக்கனமான வழி. பாடநூலில் இது ஒரு வரியில் முடிந்துவிடும். தாளில் அச்சாகிக்கொண்டே வரும் எண்களின் முன் அமர்ந்து கற்றவருக்கு அது உடலில் பதிகிறது. உயரம், வேகம் என்னும் அதே இரு எண்களைத்தான் 2019 செப்டம்பரில் விக்ரம் இறங்குகலம் இறங்கியபோது நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம், 2.1 கிலோமீட்டர் உயரம் வரை யாவும் இயல்பாக இருந்ததாக அறிவிப்பு வந்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்றும் நாடே பார்த்துக்கொண்டிருந்தது அந்த எண்களைத்தான்.

இனிப் பனுவலின் பரவல். கணினியைத் தயாரித்த டி.இ.சி. நிறுவனத்தின் கல்விப் பிரிவில் பணியாற்றியவர் டேவிட் ஆல். அவர் ஸ்டோரரின் நிரலைப் பேசிக் மொழிக்கு மாற்றி, 1973-இல் தாம் வெளியிட்ட ‘101 பேசிக் கணினி விளையாட்டுகள்’ என்னும் நூலில் சேர்த்தார். தனிக்கணினிகளுக்காகத் திருத்தப்பட்ட அதன் பதிப்பு 1978-இல் வந்தது; பத்து லட்சம் பிரதிகள் விற்ற முதல் கணினி நூல் என்று அதைச் சொல்வது வழக்கம். ஒரு தலைமுறை ஆர்வலர்க்கு வாயில் திறந்தது இந்த நூலில்தான். அவர்கள் விளையாட்டை வாங்கவில்லை. அச்சிட்ட பக்கத்தைப் பார்த்து வரிவரியாகத் தட்டச்சிட்டனர். ஆடும் முன்னரே, பொருள் விளங்காவிடினும், ராக்கெட் சமன்பாட்டை ஒரு முறை தம் கையால் எழுதிவிட்டனர். ஏடு பார்த்து எழுதும் மாணாக்கன் பொருளறியும் முன் பாடத்தை எழுதி முடிப்பதைப் போன்றது இது.

ஏடெழுதுவோர் பாடத்தை மாற்றுவர். இங்கும் மாறியது. மூல ஃபோகல் வடிவில் கலத்தின் எடை 32,500 பவுண்டு, எரிபொருள் 16,000. 1978-ஆம் ஆண்டுப் பதிப்பிலோ எரிபொருள் 16,500 ஆகிவிட்டது. கணக்கிடும் வரியில் மொத்த எடை 33,000 என்றுள்ளது. ஆடுபவருக்கு அச்சிட்டுக் காட்டும் அறிவிப்பு வரி மட்டும் பழைய 32,500-ஐயே சொல்லிக்கொண்டிருக்கிறது. ஓரிடத்தில் திருத்திய கை மற்றோரிடத்தை மறந்ததன் தடயம் இது. எந்தப் பதிப்பாசிரியரும் இதைக் கண்டால் மகிழ்வார்.

இதனினும் சுவையானது ஒரு பிழை. கலம் தன் இறக்கத்தின் மிகத் தாழ்ந்த புள்ளியை எந்த நொடியில் அடையும் என்று மதிப்பிடும் ஒரு வாய்பாடு நிரலில் உண்டு. அதில் வர்க்கமூலக் குறிக்குள் இரண்டால் வகுத்திருக்க வேண்டும், அது விடுபட்டுப்போயிற்று. சராசரி ஆட்டத்தில் இதன் விளைவு தெரியாது. மிகக் குறைந்த எரிபொருளில், தரையைத் தொடும் கணத்தில் வேகம் சுழியமாகுமாறு இறங்க முயல்பவருக்கு மட்டுமே அது இடறும். 2024-இல் மார்ட்டின் சி. மார்ட்டின் என்னும் கணினியியலாளர் அத்தகைய இறக்கத்தைத் தேடியபோதே பிழை வெளிப்பட்டது. இடையே கழிந்தவை ஏறத்தாழ 55 ஆண்டுகள். ஃபோகல் மூலத்திலும் பேசிக் பதிப்பிலும் பிழை ஒன்றே. படிகள் பலவற்றில் ஒரே பிழை காணப்பட்டால் அவை ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை எனப் பாடத்திறனாய்வு கூறும். இவ்விதிக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை வகுப்பறைக்குக் கொண்டுசெல்ல இயலுமா என்று ஐயுறுகிறேன்.

பிற வாயில்களை விரைந்து கடக்கலாம். 1973-இல் ஜாக் பர்னஸ் ஜிடி40 வரைகலை முனையத்தில் இதே இறக்கத்தைக் கோட்டோவியமாக்கினார். நிலவில் ஒரு மெக்டொனால்ட்ஸ் உணவகத்தையும் ஒளித்து வைத்தார்; அதனருகே பத்திரமாக இறங்கினால் விண்வெளி வீரர் இறங்கி நடந்து சென்று உணவு வாங்குவார். 1975-இல் வந்த எச்.பி.-25 கணிப்பானுக்கு நிரல் எழுத இடம் 49 படிகளே. அதற்குள்ளும் ஒரு நிலவிறக்கத்தை அடக்கிக் கையேட்டிலேயே அச்சிட்டுத் தந்தனர். பொறியாளர் பலர் இவ்விளையாட்டைச் சட்டைப்பையிலேயே கண்டடைந்தனர் எனலாம். 1979-இல் அடாரி நிறுவனம் காசு போட்டு ஆடும் பொறியாக ‘லூனார் லேண்டர்’ ஆட்டத்தை வெளியிட்டது; அதில் எரிபொருளே காசுக்கு விற்கப்பட்டது. இயற்பியல் விதியைப் பொருளாதார விதியாக மாற்றிய இந்த நேர்மையை நான் மிகவும் ரசிக்கிறேன். அதே ஆண்டில் வந்த ‘ஆஸ்டராய்ட்ஸ்’ ஆட்டம் அதனை எளிதாக முந்திச் சென்றது.

இறங்குதல் ஒரு கலை. சுற்றுப்பாதையில் செல்லுதல் வேறு கலை. பின்னதில் மனித உள்ளுணர்வு இன்னும் மோசமாகத் தோற்கிறது. 1965 ஜூனில் ஜெமினி 4 கலத்தின் தலைவர் ஜேம்ஸ் மெக்டிவிட், தம்மை ஏவிய டைட்டன் ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கை நெருங்க முயன்றார். இலக்கை நோக்கிக் கலத்தைத் திருப்பி உந்தினார். இலக்கு மேலும் விலகியது. முன்னோக்கி உந்தினால் பாதை உயரும். உயர்ந்த பாதையில் சுற்றுக்காலம் கூடும். எனவே துரத்துபவர் பின்தங்குவார். முன்னே செல்பவரைப் பிடிக்க வேண்டுமெனில் வேகத்தைக் குறைத்துத் தாழ வேண்டும். எரிபொருள் கரைந்ததால் அம்முயற்சி கைவிடப்பட்டது. இத்தகைய சந்திப்பைப் பற்றித்தான் ஆல்ட்ரின் 1963-இல் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்ட ஆய்வேடு அளித்திருந்தார். 1965 டிசம்பரில் ஜெமினி 6ஏ, ஜெமினி 7-ஐ முறையாகச் சந்தித்தது.

மெக்டிவிட்டின் அந்தத் திகைப்பை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்த ஆட்டங்கள் இரண்டு. முதலாவது ‘ஆர்பிட்டர்’. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஒளியியல் வழி மருத்துவப் படிமமாக்கலில் ஆய்வு செய்த மார்ட்டின் ஷ்வைகர் அதை 2000-ஆம் ஆண்டில் இலவசமாக வெளியிட்டார். எதிரியோ மதிப்பெண்ணோ அதில் இல்லை. ஒரு கலம், ஒரு கோள், நியூட்டன் மட்டுமே உண்டு. இரண்டாவது ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’. மெக்சிகோ நகரிலிருந்த ஸ்குவாட் என்னும் விளம்பர நிறுவனத்தில் பணிபுரிந்த பிரேசில் நாட்டவர் ஃபெலிப்பே ஃபலாங்கே தொடங்கியது. 2011 ஜூன் 24 அன்று வெளிவந்த முதல் பதிப்பில் நிலவே கிடையாது. அதன் கோள் கெர்பின், 600 கிலோமீட்டர் ஆரமே உடையது. தரையீர்ப்பு மட்டும் பூமியுடையதே. சிறிய கோளாதலால் சுற்றுப்பாதையை அடையப் பூமிக்குத் தேவைப்படும் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். தோற்பவர் மனம் தளராமல் மீண்டும் முயல்வதற்கு இந்தச் சிறுமை உதவுகிறது என்பது என் கருத்து. முன்பு நாசாவில் பணிபுரிந்த கேலிச்சித்திரக்காரர் ராண்டல் மன்ரோ 2014-இல் ஒரு வரைபடம் வரைந்தார். சுற்றுப்பாதை இயக்கவியல் பற்றிய தம் புரிதல் பட்டப்படிப்பிலும் நாசா பணியிலும் சிறிதே உயர்ந்ததாகவும், கெர்பல் ஆடத் தொடங்கியபின் செங்குத்தாக ஏறியதாகவும் அது காட்டியது.

ஆய்வாளராக என்னை உறுத்துவது இதன் பின்பகுதி. ஸ்டோரரின் பிழையை 55 ஆண்டுகளுக்குப் பின் கண்டறிய முடிந்தது, நிரல் முழுவதும் அச்சில் கிடந்ததால். கெர்பலின் மூலநிரல் வெளியிடப்படவில்லை. அதன் இரண்டாம் பாகம் 2023 பிப்ரவரியில் முற்றுப்பெறாத நிலையில் விற்பனைக்கு வந்தது. 2024-இல் அதை உருவாக்கிய குழுவே கலைக்கப்பட்டது. அந்நிரலில் எந்தக் கை எங்கே திருத்தியது, எங்கே மறந்தது என்பதை ஒப்பிட்டுப் பார்க்க நாளைய ஆய்வாளருக்குப் படி எதுவும் கிடைக்கப்போவதில்லை. தமிழ் ஏடுகளில் ஆற்றிலும் தீயிலும் போனவை எவ்வளவு என்று அறிந்தவர்கள் நாம். இங்கோ ஏடு இருந்தும் பெட்டியின் திறவுகோல் இல்லை.

ஷ்வைகர் வேறு வழியைத் தேர்ந்தார். 2021-இல் ஆர்பிட்டரின் மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் உரிமை அளித்து வெளியிட்டார். அதற்கு முன்பே, ஆர்பிட்டருக்கு அப்பல்லோ கலங்களைச் செய்தளித்த ஆர்வலர்கள் ஒரு படி மேலே சென்றிருந்தனர். அப்பல்லோ வழிகாட்டு கணினியை மென்பொருளாக மீட்டெடுத்த மற்றொரு தன்னார்வத் திட்டத்தின் துணையோடு, அறுபதுகளில் எழுதப்பட்ட அசல் பறப்பு நிரலையே தம் கலத்துக்குள் இயங்கச் செய்தனர். அச்சுத்தாளில் எஞ்சிய அந்நிரலை எழுத்தெழுத்தாகப் பார்த்துத் தட்டச்சிட்டவர்களும் ஆர்வலர்களே.