மணி அடிக்கவில்லை

சென்ற மார்கழி மாதத்தில் ஒரு நாள், விடியற்காலை நான்கு மணிக்கு, உத்தமபாளையத்தில் தனியாக வசிக்கும் என் அத்தை கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை, ஆனால் புத்தி தடுமாறவில்லை. இடுப்பில் செருகியிருந்த செல்போனை எடுத்து, தேனியில் இருக்கும் எனக்கு மூன்று முறை போன் செய்திருக்கிறாள். என் செல்போனோ தலைமாட்டிலேயே, ஒரு முழ தூரத்தில் கிடந்தது. மணி அடிக்கவில்லை. ஆறு மணிக்குப் பால்காரர் முனகல் கேட்டு உள்ளே ஓடிய பிறகுதான் அத்தைக்கு விடிந்தது.

அன்று முதல் நான்கு நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அத்தை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். வேறு வேலை ஓடாமல், டெலிபோன் மணியின் சரித்திரத்தைப் புரட்டத் தொடங்கினேன். என்னைத் தவிர வேறு குற்றவாளி யாராவது அகப்படுவாரா என்ற நப்பாசைதான், ஒளிப்பானேன்?

முதலில் ஓர் ஆச்சரியமான சங்கதி. டெலிபோன் பிறந்தபோது அதற்கு மணியே கிடையாது. 1876-ஆம் வருஷம் மார்ச் 10-ஆம் தேதி, பாஸ்டன் நகரில் அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் பேசியதை அடுத்த அறையில் இருந்த அவருடைய உதவியாளர் வாட்ஸன் கேட்டார். கம்பி வழியாகக் குரல் போயிற்று, உலகம் வியந்தது. ஆனால் மறுமுனையில் இருப்பவரைக் கருவிக்குப் பக்கத்தில் வரவழைப்பது எப்படி? குழாய்க்குள் உரக்கக் கூவிப் பார்த்தார்கள். பென்சிலால் தகட்டைத் தட்டிப் பார்த்தார்கள். அந்த வாட்ஸன்தான் முதலில் ஒரு சிறு சுத்தியலைப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு ரீங்காரமிடும் கருவி ஒன்றைச் செய்தார். கடைசியில், 1878-இல், மணியைக் கொண்டுவந்து சேர்த்தார்.

அந்த மணி வேலை செய்த விதம் மிக எளிது. இங்கே கைப்பிடியைச் சுழற்றினால், திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம் உண்டாகும். அது அங்கே போய் ஒரு மின்காந்தத்தை இப்படியும் அப்படியும் இழுக்க வைக்கும். இரண்டு கிண்ணங்களுக்கு நடுவில் நிற்கும் சிறு சுத்தியல் இரண்டையும் மாறி மாறித் தட்டும். பிற்காலத்தில் கைப்பிடி போய், எக்ஸ்சேஞ்சே அந்த மின்சாரத்தை அனுப்பிற்று. மின்சாரம் வந்தால் மணி அடித்தே தீரும். வீட்டுக்காரர் எழுதுகிறாரா, தூங்குகிறாரா என்று அந்தச் சுத்தியலுக்குத் தெரியாது.

மணி அடிக்காததால் ஒரு பெரிய கண்டுபிடிப்பே உண்டான கதையை அடுத்தபடியாகப் படித்தேன். அமெரிக்காவில் கான்ஸாஸ் நகரத்தில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்று ஒருவர் இருந்தார். பிரேத அடக்கம் செய்து தருவது அவர் தொழில். தமக்கு வரவேண்டிய அழைப்புகள் வரவில்லை என்று அவருக்குச் சந்தேகம். எக்ஸ்சேஞ்சில் இணைப்புக் கொடுக்கும் பெண், போட்டிக் கடைக்காரருக்கு உறவு; அவள்தான் அழைப்புகளை அந்தப் பக்கம் திருப்பிவிடுகிறாள் என்று அவர் நம்பியதாகச் சொல்கிறார்கள். கோபம் கொண்ட ஸ்ட்ரோஜர், நடுவில் மனிதரே இல்லாமல் இணைப்புக் கொடுக்கும் இயந்திரத்தை யோசித்தார். 1891-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1892-இல் இண்டியானா மாகாணத்து லாபோர்ட் நகரில் அத்தகைய முதல் எக்ஸ்சேஞ்ச் திறக்கப்பட்டது. நம் நாட்டில் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் 1913-14-இல் சிம்லாவில் வந்தது.

இந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. டெலிபோன் கம்பெனி ஆள் ஒருவர் ஸ்ட்ரோஜரின் கடைக்கே போய்ப் பார்த்தாராம். அவர் கடையிலேயே மாட்டியிருந்த தகரப் பலகை ஒன்று, காற்று அடிக்கும்போதெல்லாம் டெலிபோன் இணைப்பில் உரசி அதை ஊமையாக்கிக்கொண்டிருந்ததாம்! இரண்டில் எது உண்மையோ, அது ஸ்ட்ரோஜருக்கே வெளிச்சம். ஆனால் இந்த வாலைப் படித்தபோது எனக்கு ஏனோ சுருக்கென்றது.

நம் தேசத்துக்கு டெலிபோன் தாமதமில்லாமல்தான் வந்தது. 1882 ஜனவரியிலேயே கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றிலும் எக்ஸ்சேஞ்சுகள் ஏற்பட்டுவிட்டன. ஆனால் நகரத்து மணி ஓசை எங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் தெருக்களுக்கு வந்து சேர வெகு காலம் பிடித்தது. அத்தையின் கணவர், என் மாமா, மலைக்கு மேலே வண்டன்மேட்டில் ஏலத் தோட்டத்தில் கணக்கு எழுதினார். எழுபதுகளில் அவர் வீட்டோடு பேச வேண்டுமானால் தபாலாபீஸில் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அத்தை வீட்டில் டெலிபோன் ஏது? மூன்று தெரு தள்ளி இருந்த அரிசி மில்லின் எண்தான் எங்களுக்குப் "பி.பி. நம்பர்". அந்தக் காலத்துக் கல்யாணப் பத்திரிகைகளில் இந்த இரண்டு எழுத்துக்களைப் பார்த்த வாசகர்கள் இருப்பார்கள். போன் நம்முடையது அல்ல, ஆனால் கூப்பிட்டு விடுவார்கள் என்று அதற்கு அர்த்தம். மில்லில் மணி அடிக்கும். ஒரு பையன் ஓடி வருவான். அத்தை ஈரக் கையைப் புடைவையில் துடைத்துக்கொண்டே ஓடுவாள்.

1984-இல் மத்திய சர்க்கார் ஸி-டாட் என்ற ஆராய்ச்சி நிலையத்தை ஏற்படுத்திற்று. குளிர்சாதன அறை இல்லாமலே கிராமத்து வெயிலைத் தாங்கும் சிறிய எக்ஸ்சேஞ்சை அது உருவாக்கி, 1986-இல் கர்நாடகத்துக் கிட்டூரில் முதன்முதலாக நிறுவிற்று. பிறகு கம்பத்திலும் சின்னமனூரிலும் மஞ்சள் எழுத்துப் பலகையுடன் எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்தன. 1995 ஜூலை 31-ஆம் தேதி கல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதி பாசு, டில்லியில் இருந்த மந்திரி சுக்ராமுடன் செல்போனில் பேசினார். தேசத்தின் முதல் செல்போன் பேச்சு அதுதான்.

அந்த ஆரம்ப வருஷங்களில் பேசுகிறவருக்கு மட்டுமல்ல, கேட்கிறவருக்கும் கட்டணம் உண்டு. 2003-இல்தான் அது நீங்கியது. அதன் பிறகும் எங்கள் பக்கத்தில் ஒரு சிக்கல். விடியுமுன் ஜீப்புகளில் ஏறி, குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகவும் ஏலத் தோட்டங்களுக்குப் போகும் பெண்கள், மலை ஏறியதும் கேரள வட்டத்துக்குள் போய்விடுவார்கள். அங்கே வருகிற அழைப்புக்கும் ரோமிங் காசு. ஆகவே மணி அடித்தால் எடுக்க மாட்டார்கள். ஒரு மணி அடித்து நின்றால் ஜீப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. இரண்டு மணி என்றால் வர நேரமாகும். எங்கள் தெருவில் பல வீடுகளில் இந்த ஏற்பாடு இருந்தது. பேசாமலே மணியைப் பேச வைத்தார்கள்.

இவ்வளவையும் படித்து முடித்துவிட்டு, ஐந்தாம் நாள் தேனியில் செல்போன் பழுது பார்க்கும் சிறு கடை ஒன்றுக்குப் போனேன். "மணி கெட்டுப் போச்சு தம்பி" என்றேன். கடைப் பையன் சிரித்தான்.

"ஐயா, இதுல மணியே இல்லீங்க. சின்ன ஸ்பீக்கர்தான். பாடுன்னா பாடும், சும்மா இருன்னா இருக்கும்" என்றான்.

பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்தான். பாட்டுக்கு ஒரு சத்தம், மணிக்கு ஒரு சத்தம், இரண்டும் தனித்தனி. மணியின் சத்தம் சரியாகவே இருந்தது. ஒலி வரும் துளைகளில் தூசி அடைக்கவில்லை. எங்கோ கிடக்கும் புளூடூத் காதணிக்கு ஓசை போய்விடவில்லை. அத்தையின் எண் தடுக்கப்பட்டவர் பட்டியலில் இல்லை. அழைப்பு வேறு எண்ணுக்குத் திரும்பவும் இல்லை. அப்படித் திரும்பினால் ##002# என்று அடித்து ரத்து செய்யலாமாம். கடைசியில் ஓர் இடத்தில் அவன் விரல் நின்றது.

"பிறை நிலா மாதிரி ஒண்ணு தெரியுது பாருங்க. ராத்திரி பத்து மணியிலேருந்து காலையில ஆறு வரைக்கும் யார் கூப்பிட்டாலும் தொந்தரவு பண்ணாதேன்னு போட்டு வச்சிருக்கீங்க. வேண்டியவங்க பேரை மட்டும் விட்டுவைக்கலாம், அதையும் செய்யலை. ஒரே ஆள் கால் மணி நேரத்துக்குள்ள திரும்பக் கூப்பிட்டா அடிக்கும்படி ஒரு வழி இருக்கு, அதையும் அடைச்சிட்டீங்க. யார் வச்சது ஐயா?"

யார் வைத்தது? ஆறு மாதத்துக்கு முன், இரவில் நாவல் எழுதும்போது இடைஞ்சலாக இருக்கிறதென்று, என் பேரனைக் கூப்பிட்டு, "ஒருத்தர் போனும் வரக் கூடாது" என்று நான்தான் உத்தரவு போட்டேன். அவன் சொன்னதைச் செய்தான். நானோ சொன்னதையே மறந்துபோனேன். எக்ஸ்சேஞ்சுப் பெண்ணும் இல்லை, சர்க்காரும் இல்லை, கட்டணமும் இல்லை. என் கடையில் நானே மாட்டிய தகரப் பலகை!

பையன் அத்தையின் பெயருக்கு நேரே ஒரு நட்சத்திரக் குறி போட்டு, அந்தப் பெயர் மட்டும் எந்த நேரமும் அடிக்கும்படி செய்தான். இரண்டு நிமிஷ வேலை. காசு வாங்க மறுத்துவிட்டான்.

அத்தையிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பவெல்லாம் மில்லுல மணி அடிச்சா ஆளு ஓடி வருவான், மருமகனே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இப்போது கட்டுப் பிரித்து, கோல் ஊன்றி நடக்கிறாள். இரவு பத்தரை மணிக்கு, நான் எழுத உட்கார்ந்த பிறகு, தினமும் என் செல்போன் மணி அடிக்கிறது. "ஒண்ணுமில்ல, அடிக்குதான்னு பார்த்தேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். எழுதிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் அறுந்து போகிறது. போகட்டும்.