எழும்பூர் மணல்

ஸ்காட்லாந்துக்காரரான பாதிரியார் ஆண்ட்ரூ பெல், 1789-இல் எழும்பூரில் ஓர் அநாதை விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். பிரிட்டிஷ் படையினரின் ஆண் பிள்ளைகள் படித்த இடம் அது. அங்கே ஏபிசி வகுப்பு நகரவே இல்லை. ஒருநாள் பெல் 'மலபார் பள்ளி' ஒன்றைக் கடந்து போனார். தமிழைத்தான் அன்றைய ஆங்கிலேயர் மலபார் என்றார்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து விரலால் மணலில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நம்மூர்த் திண்ணைப் பள்ளிகளில் அது சாதாரணக் காட்சி. எழுத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். கண், காது, வாய், விரல் நாலும் ஒரே எழுத்தில் நிற்கும். கை படிந்த பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். ஓலையில் கீறினால் கீறினதுதான். மணலில் தப்பாப் போனால் ஒரு தடவு தடவிவிட்டு மறுபடி எழுதலாம்.

பெல் தன் பள்ளியிலும் மணலைப் பரப்பச் சொன்னார். வகுப்பு ஆசிரியரோ இதெல்லாம் நடக்காது என்றார். உடனே எட்டு வயது ஜான் ஃப்ரிஸ்கெனிடம் வகுப்பை ஒப்படைத்தார் பெல். நடந்தது. எழுத்து எங்கே சறுக்கும் என்பது அண்மையில் சறுக்கியவனுக்குத்தானே தெரியும்? 1797-இல் பெல் இதை லண்டனில் நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்தில் பரவியது. ஆனால் அங்கே அதன் பெரிய கவர்ச்சி சிக்கனம். காகிதச் செலவு குறைவு, ஏகப்பட்ட பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் போதும்.

அதற்காகத் திண்ணைப் பள்ளியைப் பொற்காலம் ஆக்க வேண்டியதில்லை. ஆளுநர் மன்றோ 1822-இல் தொடங்கிய கணக்கெடுப்பின்படி, சென்னை மாகாணத்தில் பள்ளி, கல்லூரி எல்லாம் சேர்த்து 12,498. மாணவர்கள் 1,88,650. அதில் பெண்கள் 4,540 பேர்தான். பிரம்படியும் அந்தத் திண்ணையில்தான் இருந்தது.

ஆனால் மணலைக் கைவிட்டதில் நமக்கு நஷ்டம். இன்று ஊரப்பாக்கத்தில் எல்கேஜி பிள்ளையின் கையில் நாலு கோட்டு நோட்டு. ரப்பர் போட்டாலும் பழைய எழுத்தின் தடம் போகாது. மேலே சிவப்பு மை வேறு. விஜயதசமியன்று அரிசியில் 'அ' எழுத வைக்கிறோம், மறுநாளே பென்சிலைத் திணிக்கிறோம். அரிசியில் எழுதுவதை ஒருநாள் சடங்காக நிறுத்தாமல் இன்னும் கொஞ்ச நாள் நீட்டலாம். ஒரு தாம்பாளமும் கைப்பிடி ரவையும் போதும்.