தண்ணி போட்ட கம்ப்யூட்டர்கள்: ஒரு சின்ன வரலாறு

தலைப்பைப் பார்த்துவிட்டு வேறு எதையோ எதிர்பார்த்து ஓடி வந்த நண்பர்கள் மன்னிக்க. இது அந்தத் தண்ணி இல்லை. கம்ப்யூட்டர் கேபினட்டுக்குள் ஒரு ரேடியேட்டரை மாட்டி, அதன்மேல் ரெண்டு மூணு ஃபேனை முடுக்கி, குழாய் வழியாகத் தண்ணீரை ஓடவிட்டு பிராசசரின் சூட்டைத் தணிக்கிறார்களே, அந்தத் தண்ணி.

இந்தப் பேச்சை எடுத்தாலே ரெண்டு கருத்து வரும். "கேம் விளையாடுற பயலுவ காசைக் கரியாக்கக் கண்டுபிடிச்ச வேலை" என்பது ஒன்று. "கரண்டுக்குப் பக்கத்துல தண்ணியா? வெளங்கினாப்லதான்!" என்பது இன்னொன்று. ரெண்டுமே வரலாறு தெரியாமல் சொல்வது. கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் நுழைந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. நடுவில் ஒரு தடவை மூட்டை கட்டிக்கொண்டு வெளியே போனது. பிறகு திரும்பி வந்தது. ஏன் போனது, ஏன் வந்தது, வரும்போது என்ன மாறியிருந்தது என்பதுதான் இந்தப் பதிவு. அந்த மாற்றம் எங்க மணவாளக்குறிச்சி மாதிரி புழுக்கமான கடலோர ஊர்க்காரர்களுக்கு ரொம்பவே சம்பந்தப்பட்டது. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அடிப்படை

தண்ணீர் சூட்டை அழிப்பதில்லை. ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குச் சுமந்துகொண்டு போகிறது, அவ்வளவுதான். ஆனால் சுமப்பதில் அது பெரிய பயில்வான். ஒரு லிட்டர் காற்று சுமக்கிற வெப்பத்தைப் போல ஏறக்குறைய 3500 மடங்கை ஒரு லிட்டர் தண்ணீர் சுமக்கும்.

சுமந்த சூட்டை எங்கே இறக்கி வைப்பது என்பதுதான் கேள்வி. எங்க கடற்கரையில் வள்ளங்களில் மாட்டியிருக்கும் அவுட்போர்டு எஞ்சினைப் பாருங்கள். கீழேயிருந்து கடல்தண்ணியை உறிஞ்சி, எஞ்சினைச் சுற்றி ஓடவிட்டு, சூடான தண்ணியைத் திரும்பக் கடலிலேயே துப்பிவிடும். கடல் இருக்கும்வரை கவலை இல்லை. நாகர்கோவில் ரோட்டில் ஓடும் லாரிக்குக் கடல் கிடையாது. அதனால் அதே தண்ணியைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு, ரேடியேட்டரில் காற்றை அடித்து ஆற வைக்கிறார்கள். கம்ப்யூட்டர்கள் முதலில் வள்ளத்தின் வழியில் போயின. லாரியின் வழிக்கு வந்து சேர ரொம்ப நாளாயிற்று.

முதல் வருகை

ஐபிஎம் கம்பெனியின் சிஸ்டம்/360 மாடல் 91 அந்தக் காலத்து ராட்சசன். 1967ல் நாசாவுக்குப் போனது. அதன் சர்க்யூட் போர்டுகளுக்கு இடையே காற்று ஓடியது. ஒரு போர்டைத் தாண்டும்போது சூடாகிவிட்ட காற்றை, அடுத்த போர்டுக்குப் போகுமுன் குளிர்விக்க, நடுவில் குளிர்ந்த தண்ணீர் ஓடும் குழாய் அடுக்குகளை வைத்தார்கள். ரேடியேட்டரை அப்படியே திருப்பிப் போட்டது மாதிரி! ரேடியேட்டரில் காற்று தண்ணியை ஆற்றும். இங்கே தண்ணி காற்றை ஆற்றியது.

1980ல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 3081ல் தண்ணீர் இன்னும் நெருங்கி வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட சில்லுகளை ஒரே பெட்டியில் அடுக்கி, ஒவ்வொரு சில்லின் முதுகிலும் ஒரு அலுமினிய பிஸ்டனை ஸ்பிரிங் வைத்து அழுத்தி, இடைவெளியில் ஹீலியம் வாயுவை நிரப்பி, மேலே தண்ணீர் ஓடும் தகட்டை வைத்தார்கள். கையளவுப் பெட்டியிலிருந்து சுமார் 300 வாட் சூட்டை வெளியே எடுத்தது அந்த அமைப்பு.

இன்னொரு பக்கம் சீமோர் கிரே. 1976ல் லாஸ் அலமாஸுக்குப் போன அவருடைய கிரே-1க்கு சுமார் 115 கிலோவாட் மின்சாரம் தேவைப்பட்டது. அத்தனையும் கடைசியில் சூடுதானே. அதை ஃப்ரியான் ஓடும் குழாய்கள் வெளியேற்றின. 1985ல் வந்த கிரே-2ல் இன்னும் ஒரு படி மேலே போய், மின்சாரத்தைக் கடத்தாத ஒரு திரவத்துக்குள் சர்க்யூட்டுகளை அப்படியே முக்கிவிட்டார். "கரண்டுக்குப் பக்கத்துல தண்ணியா?" என்று கேட்கிறவர்கள் இந்த இடத்தை ரெண்டு தடவை படிக்கவும்.

நம்ம நாட்டுக்கும் இது வந்தது. வானிலைக் கணிப்புக்காக 1980களின் கடைசியில் டெல்லியில் நிறுவப்பட்ட கிரே எக்ஸ்-எம்பி/14 இந்த ஃப்ரியான் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நாம் கேட்டது அதைவிடப் பெரிய மாடல். அமெரிக்கா தரவில்லை. அந்தக் கோபத்தில்தான் 1988ல் சி-டாக் பிறந்தது, 1991ல் பரம் 8000 வந்தது என்பது பலருக்கும் தெரிந்த கதை. தெரியாத பாதி அடுத்து வருகிறது.

போன கதை

கிரேயும் ஐபிஎம்மின் பெரிய இயந்திரங்களும் பைபோலார் வகை டிரான்சிஸ்டர்களால் ஆனவை. வேகம் உண்டு. ஆனால் சும்மா இருக்கும்போதும் கரண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். வீட்டில் ஆள் இல்லாதபோதும் எல்லா லைட்டையும் எரியவிடுகிற ஆசாமி மாதிரி. சீமாஸ் என்ற இன்னொரு வகை அப்படி இல்லை. நிலை மாறும் நேரத்தில்தான் அதற்குப் பெரும்பாலும் கரண்டு தேவை. ஆரம்பத்தில் வேகம் குறைவு என்று அதைப் பெரிய இயந்திரங்களில் யாரும் மதிக்கவில்லை. சில்லுகள் சின்னதாகச் சின்னதாக அதன் வேகமும் ஏறிக்கொண்டே வந்தது.

பரம் 8000ல் இருந்த டிரான்ஸ்பியூட்டர் சில்லுகள் சீமாஸ் வகை. ஒரு பெரிய சூடான மூளைக்குப் பதில், சூடு குறைந்த பல சின்ன மூளைகளைச் சேர்த்துக் கட்டினார்கள். தடை போட்டதால் நாம் எடுத்த வழி, உலகமே போய்க்கொண்டிருந்த வழியாகவும் அமைந்துபோனது. 1994ல் ஐபிஎம்மே தன் மெயின்ஃபிரேம் வரிசையில் காற்றால் குளிரும் சீமாஸ் இயந்திரங்களைக் கொண்டுவர ஆரம்பித்தது. அடுத்த சில வருஷங்களில் மெயின்ஃபிரேம்களிலிருந்து தண்ணிக் குழாய்கள் கழன்றன. பிளம்பர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

திரும்பி வந்த கதை

பெரிய கம்பெனிகள் குழாயைக் கழற்றிய அதே காலத்தில், சின்னப் பசங்கள் குழாயை மாட்ட ஆரம்பித்தார்கள். 1998ல் இன்டெல் விட்ட செலரான் 300ஏ நினைவிருக்கிறதா? 300 மெகாஹெர்ட்ஸ் சில்லை 450க்கு ஓட்டலாம் என்று தெரிந்ததும் உலகம் முழுக்க ஒரு ஓவர்கிளாக்கிங் பைத்தியம் பிடித்தது. காற்று போதாதவர்கள் என்ன செய்தார்கள்? காரில் ஹீட்டருக்கு இருக்கும் சின்ன ரேடியேட்டர், மீன்தொட்டி பம்பு, கையால் குடைந்த செம்புக் கட்டி, ரப்பர் குழாய். முடிந்தது ஜோலி. கடையில் கிடைக்கும் தண்ணீர் அமைப்புகள் எல்லாம் இந்த மீன்தொட்டிக்காரர்களின் பேரப்பிள்ளைகள்.

அதற்குள் சீமாஸுக்கும் கஷ்டகாலம் வந்துவிட்டது. சில்லுகள் ரொம்பச் சின்னதானதும், மூடிய குழாயில் கசியும் தண்ணி மாதிரி, அணைந்திருக்கும் டிரான்சிஸ்டரிலும் கரண்டு கசிய ஆரம்பித்தது. 2004ல் வந்த பிரெஸ்காட் பென்டியம் 4ன் வெப்ப அளவு 115 வாட் வரை போனது. அதற்கு அடுத்ததாக வரவேண்டிய தேஜாஸை இன்டெல் அதே வருஷம் கைவிட்டது. ஆப்பிளின் பவர் மேக் ஜி5, அதுவும் 2004ல், கம்பெனியிலிருந்தே திரவக் குளிர்ச்சியோடு வந்தது. 2008ல் ஐபிஎம் பவர் 575, 2010ல் அதன் இசட்196 மெயின்ஃபிரேம் என்று பெரிய வீட்டுக்கும் குழாய்கள் திரும்பின.

நமக்கு முக்கியமான வருஷம் 2009. டென்மார்க்கின் அசெடெக் கம்பெனி பம்பையும் செம்புத் தகட்டையும் ஒரே டப்பாவுக்குள் அடைத்திருந்தது. அந்த அமைப்பில் கோர்சேர் எச்50 கடைக்கு வந்தது. தண்ணியை ஊற்ற வேண்டாம், குழாயை வெட்ட வேண்டாம். கேபினட்டின் பின்பக்கம் 120 மில்லிமீட்டர் ஃபேன் இருக்கும் இடத்தில் ரேடியேட்டரைத் திருகினால் போதும்.

என்ன மாறியிருந்தது?

முதல் வருகையில் ஓடியது பெரும்பாலும் சில்லரில் குளிர்வித்த தண்ணீர். கட்டடத்தின் ஏசி இயந்திரம்தான் அதற்குக் கடல். கம்ப்யூட்டர் தின்கிற கரண்டு போதாதென்று தண்ணியைக் குளிர்விக்கத் தனிக் கரண்டு. போதாக்குறைக்கு இன்னொரு தலைவலி, வியர்வை! ஐஸ் தண்ணி ஊற்றிய செம்புக்கு வெளியே முத்து முத்தாக நீர் கோர்க்குமே, அது கம்ப்யூட்டருக்குள் நடந்தால்? அதனால் தண்ணியை ஓரளவுக்குக் கீழே குளிரவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் எங்க கடற்கரைக் காற்றில் 24, 25 டிகிரியிலேயே நீர் கோர்த்துவிடும். இங்கே குளிர்ந்த தண்ணீர் ஆபத்துதான். பயப்படுகிறவர்களின் பயம் இந்த வகைக்கு நியாயமானது.

ரெண்டாவது வருகையில்தான் ஒரு எளிய விஷயம் உறைத்தது. சில்லு 80 டிகிரியிலும் வேலை செய்யுமே, பிறகு தண்ணி ஏன் 20 டிகிரியில் இருக்க வேண்டும்? 2010ல் ஸ்விட்சர்லாந்தின் ஈடிஎச் பல்கலைக்கழகத்தில் ஐபிஎம் வைத்த அக்வாசார் என்ற இயந்திரத்துக்குள் 60 டிகிரி வரை சூடான தண்ணீரையே அனுப்பினார்கள். அது இன்னும் சூடாகி வெளியே வந்து, பல்கலைக்கழகக் கட்டடங்களுக்குக் கதகதப்பைக் கொடுத்தது. அறையைவிடச் சூடான தண்ணியை ஆற வைக்க ஏசி எதற்கு? லாரி ரேடியேட்டர் போதும்.

உங்கள் கேபினட்டுக்குள் இருக்கும் ரேடியேட்டர் செய்வதும் இதேதான். சில்லர் கிடையாது. அறை 33 டிகிரி என்றால் தண்ணி அதற்குக் கீழே இறங்கவே இறங்காது. அதனால் வியர்க்கவும் வியர்க்காது.

மாட்டும்போது

இந்த வரலாறு புரிந்தால் மாட்டும் முறையும் தானாகப் புரியும். கடைசி இறக்குமிடம் அறைக்காற்றுதான் என்பதால், ரேடியேட்டருக்கு எந்தக் காற்று கிடைக்கிறது என்பதே முக்கியம். முன்பக்கம் மாட்டி ஃபேன் உள்ளே இழுத்தால் புதுக்காற்று கிடைக்கும், பிராசசர் சந்தோஷப்படும். ஆனால் அந்தச் சூடான காற்று கிராபிக்ஸ் கார்டின் தலையில் போய் விழும். மேலே மாட்டி வெளியே தள்ளினால் கார்டு தப்பிக்கும், பிராசசர் சில டிகிரி கூடுதலாகச் சூடாகும். எது அதிகம் உழைக்கிறதோ அதன் பக்கம் நில்லுங்கள்.

எப்படி மாட்டினாலும் பம்பு இருக்கும் டப்பா முழு வட்டத்திலும் உயரமான இடமாக அமையக் கூடாது. உள்ளே மிச்சமிருக்கும் காற்று மேலேதான் போய்த் தங்கும். அது பம்பில் தங்கினால் கரகர சத்தம், அப்புறம் ஆயுள் குறைவு. ரேடியேட்டர் சுமார் 27 மில்லிமீட்டர், ஃபேன் 25. ஆக 52 மில்லிமீட்டர் இடம் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். கூட வந்த ஸ்குரூவை மட்டும் போடுங்கள். நீளம் கூடியது உள்ளே போய்த் தண்ணி ஓடும் தட்டைக் குழாயைக் குத்திவிடும். கடலோரக்காரர்களுக்குக் கூடுதலாக ஒன்று: உப்புக்காற்றில் அலுமினிய இதழ்கள் அரிக்கும். தூசியும் உப்பும் சேர்ந்து படிய விடாமல், மாதம் ஒருமுறை மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

ஒரு கடைசி விஷயம்

இதெல்லாம் ஒரு டப்பாவோடு முடிகிற சமாச்சாரம் இல்லை. 2022ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்த பரம் பிரவேகா நேரடித் திரவக் குளிர்ச்சியில் ஓடுவது. 2024ல் என்விடியா காட்டிய ஏஐ அலமாரி ஒன்று தின்பது சுமார் 120 கிலோவாட். 1976ன் கிரே-1ன் கணக்கும் ஏறக்குறைய இதுதான், கவனித்தீர்களா?

இப்படிப்பட்ட அலமாரிகள் வரிசையாக நிற்கும் டேட்டா சென்டர்கள் சென்னையைச் சுற்றிப் பெருகிக்கொண்டிருக்கின்றன. பழைய முறைப்படி தண்ணியை ஆவியாக்கிக் குளிர்விக்கும் கோபுரங்களை வைத்தால், போன தண்ணி போனதுதான். 2019ல் ஏரிகள் வறண்டு குடத்தோடு வரிசையில் நின்ற ஊர் அது. சூடான தண்ணியையே சுற்றவிட்டு ரேடியேட்டரில் ஆற வைத்தால், ஊற்றிய தண்ணி உள்ளேயே இருக்கும். ஃபேனுக்குக் கொஞ்சம் கூடுதல் கரண்டு ஆகும், இடமும் ஆகும். குடிதண்ணியா, ஃபேன் கரண்டா என்று கேட்டால் நம்ம ஊர்க்காரன் என்ன சொல்வான் என்று உங்களுக்கே தெரியும். புதிதாக ஒரு டேட்டா சென்டர் வருகிறது என்று செய்தி படித்தால், எத்தனை கோடி முதலீடு என்பதோடு நிறுத்தாமல் இதையும் சேர்த்துக் கேளுங்கள்: சூட்டை எங்கே இறக்கி வைக்கப் போகிறார்கள்?

டிஸ்கி: ஆபீஸ் வேலைக்கும் பதிவு எழுதுவதற்கும் மட்டும் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. நல்ல ஹீட்சிங்க்கும் ஒரு ஃபேனும் தாராளம். மிச்சக் காசுக்கு முட்டம் பக்கம் போய் நல்ல மீன் வாங்கிச் சாப்பிடுங்க மக்கா.